சிம் லிம் ஸ்குவேரில் உயிர்பெற்ற கேசட் பிளேயர்

1979இல் சோனியின் வாக்மேன் வெளிவந்த பிறகு பரவிய கையடக்க கேசட் பிளேயர்களுள் ஒன்றை, தொடக்கப்பள்ளி இறுதியாண்டுத் தேர்வு முடிந்த கையோடு அப்பா எனக்கு வாங்கித் தந்தார். பல ஆண்டுகளாக ஓடாமல் கிடந்த அதனை, சிங்கப்பூரின் ரோச்சோரில் உள்ள சிம் லிம் ஸ்குவேர் மின்னணுப் பொருள் கடைத்தொகுதியின் மேல்மாடிச் சிறு கடையொன்றில் சென்ற மாதம் பழுதுபார்த்தேன்.

கடைக்காரர் மூடியைத் திறந்ததும், மோட்டாரின் சுழற்சியை நாடாவை இழுக்கும் உருளைக்குக் கடத்தும் ரப்பர் வார், தார்போல உருகிக் கப்பியில் ஒட்டியிருப்பதைக் காட்டினார். ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக்குச்சியால் பொறுமையாகத் துடைத்தெடுத்து, புதிய வாரை மாட்டி, வேகத்தையும் திருகிச் சரிசெய்தார். வானொலியிலிருந்து நான் பதிவுசெய்த பாடல், இடையே அம்மா சாப்பிடக் கூப்பிடும் குரலோடு, இழுபடாமல் ஒலித்தபோது கண் கலங்கிவிட்டது.

கட்டணம் 45 வெள்ளி. பேட்டரிப் பெட்டியின் துருவை அவர் முழுமையாக நீக்கவில்லை என்பது மட்டுமே குறை. 2017 ஏப்ரலில் பழைய கைப்பேசிகளுக்கான 2ஜி சேவை நிறுத்தப்பட்டதால் என் முதல் கைப்பேசி இங்கு இனி அழைக்காது. எந்தத் தொலைத்தொடர்புக் கட்டமைப்பையும் நம்பியிராத இக்கருவியோ இரண்டு பேட்டரிகளில் இன்றும் பாடுகிறது. பழைய கருவி வைத்திருப்போர் தயங்காமல் இத்தகைய கடைகளை நாடலாம்.