65 மி.மீ. நெகட்டிவிலிருந்து வீட்டுத் திரைக்கு: '2001: எ ஸ்பேஸ் ஒடிஸி' 4கே வட்டு

ஸ்டான்லி குப்ரிக் இயக்கி 1968இல் வெளிவந்த இந்தப் படத்தை டிவிடியிலும் பின்னர் 2007இல் வந்த ப்ளூ-ரேயிலும் பலமுறை பார்த்திருந்தும், அதன் விண்வெளி எவ்வளவு கருப்பு என்பதை 2018இன் இறுதியில் வார்னர் நிறுவனம் வெளியிட்ட 4கே வட்டில்தான் (சாதாரண ப்ளூ-ரேயைப் போல நான்கு மடங்கு படப்புள்ளிகள் கொண்டது) முதன்முதலாக உணர்ந்தேன். அறிவியல் புனைகதைப் படங்களை வட்டுகளாகச் சேர்க்கத் தொடங்குவோர் முதலில் எதை வாங்கலாம் என்று கேட்டால், இன்றும் இதைத்தான் சொல்வேன்.

இதன் தரத்துக்கு அடிப்படை மூலப்படச்சுருளிலேயே இருக்கிறது. வழக்கமான 35 மி.மீ. படச்சட்டத்தைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு பரப்புள்ள 65 மி.மீ. சுருளில் எடுக்கப்பட்ட படம் இது. படப்பிடிப்பின்போது கேமராவில் ஓடிய அந்த அசல் நெகட்டிவை, 4கேயைவிடவும் நுணுக்கமான 8கே அளவில் ஸ்கேன் செய்து இந்தப் பதிப்பை உருவாக்கியிருக்கிறார்கள். அத்துடன், தந்திரக் காட்சிகளைப் பிரதிமேல் பிரதியெடுத்து இணைத்தால் படம் மங்கிவிடும் என்பதால், குப்ரிக் குழுவினர் இயன்றவரை ஒரே நெகட்டிவைப் பாதுகாத்து வைத்து, மாதக்கணக்கான இடைவெளிக்குப் பிறகும் அதே சுருளிலேயே அடுத்த பகுதியைப் பதிவு செய்தார்கள். அந்தப் பொறுமையின் பலன் அரை நூற்றாண்டுக்குப் பின் நம் வீட்டுத் திரையில் தெரிகிறது: விண்கலத்தின் மேற்பரப்பிலுள்ள குழாய்களும் இணைப்புகளும் ஒவ்வொன்றாகப் பிரிந்து தெரிகின்றன, சாளரத்துக்குள் நடமாடும் சிறு உருவங்கள்கூடக் கலங்கவில்லை.

ஒளி-இருள் வேறுபாட்டையும் நிறங்களையும் விரிவாகக் காட்டும் டால்பி விஷன் வசதியுள்ள தொலைக்காட்சியில், விண்வெளி நிலையத்தின் வெள்ளைக் கூடத்துக்கும் அதன் சிவப்பு நாற்காலிகளுக்கும் தனி அழுத்தம் கிடைக்கிறது. வெண்மைக்குள்ளேயே இத்தனை சாயல்கள் இருந்ததைப் பழைய ப்ளூ-ரே எனக்குக் காட்டியதில்லை. படத்தின் விண்கலத்தை இயக்கும் ஹால் என்ற பேசும் கணினியின் சிவப்புக் கண், சுற்றிலும் உள்ள இருளில் கசியாமல் தன் வட்டத்துக்குள்ளேயே எரிகிறது. குப்ரிக்கின் நெடுநாள் உதவியாளரான லியோன் விட்டாலியும் இந்தப் பணியில் துணைநின்றார் என்பதால், நிறங்களை நம்பிக்கையோடு பார்க்க முடிகிறது.

இவ்வளவு தெளிவு சில இடங்களில் படப்பிடிப்பின் தையலையும் காட்டிவிடுகிறது. ஆதிமனிதர் பகுதியின் பாலைவனப் பின்னணி, ஒளியைத் திருப்பியனுப்பும் பெரிய திரையில் முன்னாலிருந்து வீழ்த்தப்பட்ட படம். அந்தத் திரை துண்டுகளை ஒட்டிச் செய்யப்பட்டதால், வானத்தில் ஆங்காங்கே திட்டுகள் தெரிகின்றன. அவற்றை அழித்துச் சீராக்காமல் விட்டதை நான் குறையாகக் கருதவில்லை, ஏனெனில் அவை நெகட்டிவிலேயே இருப்பவை.

ஒலியில் இரண்டு தடங்கள் உண்டு. ஒன்று 1999இல் மறுகலவை செய்யப்பட்டது, மற்றொன்று 1968இன் ஆறுதட அசல் திரையரங்கு ஒலி. முன்னதில் பளபளப்பு கூடுதல் என்றாலும், அன்றைய பார்வையாளர் கேட்டதற்கு நெருக்கமாக இருப்பதால் நான் பின்னதையே தேர்ந்தெடுப்பேன். விண்வெளி உடைக்குள் கேட்கும் மூச்சொலியும், அது திடீரென நின்றபின் வரும் முழு மௌனமும் அதில் எந்த உறுத்தலும் இல்லாமல் வருகின்றன.

கூடுதல் அம்சங்கள் ஏமாற்றமே. படத்தின் நடிகர்கள் கெய்ர் டலி, கேரி லாக்வுட் இருவரும் படம் ஓடும்போதே அதைப் பற்றிப் பேசும் வர்ணனைத் தடம் உட்பட அனைத்தும் முன்பே வந்தவை. இத்தகைய மீட்புப் பணியை விளக்கும் ஒரு குறும்படமேனும் சேர்த்திருக்க வேண்டும். 4கே வட்டுகளுக்கு, குறிப்பிட்ட நாடுகளின் கருவிகளில் மட்டுமே ஓடும்படி செய்யும் மண்டலக் கட்டுப்பாடு கிடையாது என்பதால், வெளிநாட்டிலிருந்து வரவழைத்தாலும் நம் 4கே வட்டு இயக்கும் கருவியில் ஓடும்.

பார்க்குமுன் தொலைக்காட்சியில் அசைவை மென்மையாக்கும் அமைப்பை நிறுத்திவிட்டு, அறை விளக்குகளையும் அணைத்துவிடுங்கள். தொடக்கத்தில் சில நிமிடங்களுக்குத் திரை முழுக் கருப்பாகவே இருக்கும், இசையமைப்பாளர் லிகெட்டியின் இசை மட்டும் ஒலிக்கும். வட்டில் கோளாறு என்றெண்ணி அதைத் தாண்டிவிடாதீர்கள், படம் அங்கேயே தொடங்கிவிட்டது.