பினாங்கு வீட்டுக்கு எந்தப் பழைய செக்ரட்டரி மேசை?

மூடினால் சுவரோரம் நிற்கும் சின்ன அலமாரி, பலகையைக் கீழே இறக்கினால் எழுதுமேசை. தண்ணீர் பில், இபிஎஃப் கடிதம், பிள்ளையின் பள்ளிப் படிவம் எல்லாம் உள்ளே கலைந்து கிடந்தாலும், பலகையைத் தூக்கிச் சாத்திவிட்டால் ஹால் சுத்தம். செக்ரட்டரி மேசையை இன்னும் தேடி வாங்குவதற்கு இந்த ஒரு வசதியே போதும்.

ஜார்ஜ் டவுனிலோ கோலாலம்பூரிலோ பழம்பொருள் கடைகளில் ஏறி இறங்கினால் நான்கு வகை கண்ணில் படும். பிரிட்டிஷ் பாணிச் சாய்மூடி பியூரோ, மரச்சட்டங்கள் சுருண்டு மேலே போகும் ரோல்டாப், 1950, 60களின் டேனிஷ் தேக்கு மேசை, நம் செட்டியார்களின் கணக்குப் பெட்டி. கடைக்காரர் முதலில் வயதைத்தான் சொல்வார். "நூறு வருசம் லா" என்பார். இருக்கட்டும். பினாங்கின் ஈரக்காற்றில் அந்த மேசை இன்னும் இருபது வருடம் ஓடுமா என்பதை வயது சொல்லாது. மூடி எப்படி இயங்குகிறது, முதுகுப் பலகை என்ன மரம் என்ற இரண்டும் சொல்லும்.

பியூரோவில் மூடி சாய்வாக இருக்கும். அதன் இரு பக்கமும் ஒளிந்திருக்கும் கட்டைகளை வெளியே இழுத்த பிறகுதான் மூடியை இறக்கி அவற்றின் மேல் வைக்க வேண்டும். கட்டையை இழுக்காமல் யாராவது ஒரு தடவை பொத்தென்று இறக்கியிருந்தால் கீல் பிய்ந்திருக்கும். அதனால் கடையில் முதலில் கீலின் ஓரத்தைப் பாருங்கள். அங்கே ஒட்டுப்போட்ட மரத்துண்டோ மெழுகு அடைத்த ஓட்டையோ இருந்தால் விலையைக் குறைத்துக் கேட்கலாம். சங்கிலியோ பித்தளைக் கம்பியோ மூடியைத் தாங்கும் நேர்மூடி வகையும் உண்டு. அதில் கையின் பாரம், லேப்டாப்பின் பாரம் எல்லாம் நாலைந்து திருகாணிகளில் தொங்குகிறது. கட்டை தாங்கும் வகையே எனக்கு நம்பிக்கை.

அப்புறம் மரம். இங்கிலாந்திலிருந்து வந்த பியூரோக்களில் பல, முகத்துக்கு மஹோகனி, முதுகுக்கும் லாச்சியின் (இழுப்பறையின்) அடிக்கும் பைன். குளிர்நாட்டில் அது சிக்கனம், இங்கே கரையானுக்கு விருந்து. ஒவ்வொரு லாச்சியையும் முழுதாக வெளியே இழுத்துக் கவிழ்த்துப் பாருங்கள். மணல் போன்ற குட்டிக் குட்டி உருண்டைகள் கொட்டினால் அது உலர்மரக் கரையான். மாவு மாதிரி மென்மையான தூள் என்றால் துளைக்கும் வண்டு. இரண்டில் எது இருந்தாலும் முகம் எவ்வளவு அழகாக இருந்தாலும் நான் வாங்கமாட்டேன். வீட்டில் இருக்கும் மற்ற மரச்சாமான்களையும் சேர்த்துப் பணயம் வைக்க முடியாது. பர்மா தேக்கில் முழுக்க முழுக்கச் செய்த பியூரோ கிடைத்தால் அது வேறு கதை. தேக்கின் வைரத்தை, அதாவது கெட்டியான நடுமரத்தை, கரையான் அவ்வளவாகத் தொடாது. ஆனால் ஓரத்தில் வெளிறிய மரம் இருந்தால் அதற்கு அந்தக் காவல் கிடையாது.

வயதைச் சோதிக்க ஒரு சின்ன வழி திருகாணி. கூட்டல் குறி போட்ட திருகாணி 1930களின் நடுவில்தான் புழக்கத்துக்கு வந்தது. "1890" என்று சொல்லும் மேசையில் அது இருந்தால் பின்னால் யாரோ கை வைத்திருக்கிறார்கள். அதற்காக ஒதுக்க வேண்டியதில்லை, நூறு வருடக் கதைக்கான விலையைக் கொடுக்காமல் இருந்தால் போதும். ரகசிய அறையும் அப்படித்தான். உள்ளே தாள் செருகும் சின்னச் சின்னப் புறாக்கூடு அறைகளுக்கு நடுவே தூண் மாதிரி இருக்கும் அலங்காரத்தை இழுத்தால் ஒரு குறுகிய பெட்டி வெளியே வரும். பழைய பியூரோக்களில் இது சாதாரணமாக உள்ளதுதான். புதையலைக் கண்டெடுத்ததுபோல் கடைக்காரர் காட்டுவார், நாமும் வாயைப் பிளப்போம்.

ஒரு குறை சொல்ல வேண்டும். கீழே முழு அகலத்துக்கும் லாச்சி இருப்பதால் முழங்கால் கைப்பிடியில் இடிக்கும். அரைமணி நேரம் கணக்குப் பார்க்க, கடிதம் எழுதச் சரி. நாள் முழுக்க வீட்டிலிருந்தே ஆபீஸ் வேலை பார்ப்பவருக்குச் சரிப்படாது.

அந்த இடத்தில் ரோல்டாப் ஜெயிக்கும். நடுவில் கால் நீட்ட இடம், பெரிய எழுதுபரப்பு, எழுதிக்கொண்டிருந்ததை அப்படியே போட்டுவிட்டு மூடிவிடலாம். அமெரிக்காவில் அப்னர் கட்லர் 1882இல் காப்புரிமை வாங்கிய பிறகு ஆபீஸ்களை நிறைத்த மேசை இது. சிக்கல் அந்தச் சுருள்மூடியில் இருக்கிறது. மெல்லிய சட்டங்களைக் கேன்வாஸ் துணியில் விலங்குப் பசை போட்டு ஒட்டியிருப்பார்கள். அந்தப் பசைக்கும் ஈரத்துக்கும் ஆகாது. துணி பூஞ்சை பிடிக்கும், சட்டம் ஒவ்வொன்றாகக் கழலும், மரம் உப்பிக் காடியில் சிக்கும். எல்லாவற்றையும் பிரித்துப் புதுத் துணியில் ஒட்டத் தெரிந்த ஆசாரி கிடைப்பதும் லேசில்லை. கனமோ சொல்ல வேண்டாம். கடைவீட்டின் குறுகலான மாடிப்படியில் ஏற்றுவதற்கு முன், அது எத்தனை துண்டாகக் கழலும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஏர்கான் ஓடும் தனி அறை இருந்தால் மட்டும் யோசிக்கலாம்.

பிளாட்டில் இருப்பவருக்கு நான் கைகாட்டுவது டேனிஷ் மேசை. உடம்பு லேசு, ஆழம் குறைவு, லிஃப்டில் ஏறும். மெலிந்த உயரமான கால்கள் என்பதால் ஈரத்துணியில் தரை துடைக்கும்போது மரம் நனையாது, கீழே என்ன நடக்கிறது என்பதும் தெரியும். குட்டைக்கால் பியூரோவில் இந்த வசதி இல்லை. ஆனால் "தேக்கு" என்ற சொல்லை நம்பி ஏமாறக்கூடாது. பலவற்றில் கால்களும் விளிம்புகளும்தான் கட்டித் தேக்கு. மற்ற இடத்தில் மேலே ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான தேக்குத் தோல், உள்ளே வேறு பலகை. மரக்கோடு மேல்பரப்பிலிருந்து விளிம்பைத் தாண்டி இறங்குகிறதா, விளிம்பில் தனிப் பட்டி ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். தோல் போட்டதை உப்புத்தாள் கொண்டு அழுத்தித் தேய்த்தால் அடிப்பலகை பல்லிளிக்கும். கோப்பை வைத்த வெள்ளை வளையத்தோடேயே பழகிக்கொள்ள வேண்டியதுதான்.

செட்டியார் பெட்டி விஷயத்தில் மனசு ஒரு பக்கம், மூளை ஒரு பக்கம். பினாங்கு வீதிக் கிட்டங்கிகளில், அதாவது வட்டிக்கடைக் கூடங்களில், செட்டியார்கள் வரிசையாக உட்கார்ந்து வட்டிக்கணக்கு எழுதிய பெட்டி அது. பக்கத்தில் இருந்து வேலை பழகிய சிறுவனுக்கே பெட்டியடிப் பையன் என்றுதான் பெயர். சம்மணம் போட்டு உட்கார்ந்து, மூடியின் மேலேயே எழுத வேண்டும். உள்ளே இருக்கும் தாளை எடுக்க மேலே உள்ளதையெல்லாம் இறக்க வேண்டும். கால் வைத்து உயர்த்தி விற்கிறார்கள், அப்போதும் இந்தத் தொல்லை போகாது. சாமி அறையிலோ வாசலுக்குப் பக்கத்திலோ வைக்க அழகு, வேலைக்கு ஆகாது. கிட்டங்கியிலிருந்து நேராக வந்தது என்பார்கள். காரைக்குடிக் கடைகளிலும் இதே பெட்டி கிடைக்கும் என்பதை நினைவில் வைத்துப் பேரம் பேசுங்கள்.

ஆக, தரைவீட்டில் தினம் கொஞ்ச நேரம் உட்காருபவருக்கு முழுத் தேக்கு பியூரோ, பிளாட்டுக்கு டேனிஷ். எதுவானாலும் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளிப் போடுங்கள், முக்கியமாகப் பழைய கடைவீட்டில், சுண்ணாம்புச் சுவர் ஈரம் ஏறி மரத்தின் முதுகைக் கெடுக்கும். சார்ஜர் வயருக்காகப் பின்பலகையில் ஓட்டை போடாதீர்கள். திறந்த மூடியின் ஓரமாகவே வயரை விட்டால் போதும். சாவி இல்லையென்றால் பூட்டைக் கழற்றிக்கொண்டு லோரோங் கூலிட் பழைய சாமான் சந்தைக்குப் போங்கள். பழைய சாவிகளைக் குவித்து வைத்திருப்பவர் யாராவது இருந்தால் அங்கேயே போட்டுப் பார்த்துவிடலாம்.