எடைக்கற்களில் துரு நீக்கம்: சேலம் செவ்வாய்ப்பேட்டைப் பட்டறை ஒன்றில் பெற்ற சேவை

ஏற்காட்டில் எங்கள் தாத்தா காப்பிக்கொட்டை நிறுத்த இரும்பு எடைக்கற்கள் நான்கும், கிடங்குக் கதவின் பழைய பூட்டும் மலை ஈரத்தில் கிடந்து பொருக்குப் பொருக்காகத் துருவேறியிருந்தன. முதலில் கொடுத்த ஓரிடத்தில் ஒரு கல்லை அமிலத்தில் ஊறப்போட்டுவிட்டார்கள். துருவோடு, வீசை என்ற பழைய எடை அளவைக் காட்டும் அதன் குறியும் பாதி கரைந்துபோனது. அந்த வருத்தத்தில்தான் மீதியை, நீர்க்கரைசலில் மின்சாரம் செலுத்தும் மின்னாற்பகுப்பு முறையில் துரு நீக்கித் தரும் செவ்வாய்ப்பேட்டைப் பட்டறைக்குக் கொண்டு சென்றேன்.

வேலையை அருகில் நின்று பார்க்க அனுமதித்தார்கள். பிளாஸ்டிக் தொட்டியில் 4 லிட்டர் நீருக்கு ஒரு மேசைக்கரண்டி என்ற அளவில் சலவை சோடாவைக் கரைத்து, 12 வோல்ட் பேட்டரி சார்ஜரின் எதிர்முனையைக் கல்லிலும், நேர்முனையைச் சுற்றிலும் நிறுத்திய பழைய இரும்புத் தகடுகளிலும் இணைத்தார்கள். முனைகள் மாறினால் கல்லே அரிக்கப்படும். எவர்சில்வர் தயாரிக்கும் உருக்காலை உள்ள சேலத்தில், இரும்புக்குப் பதில் எவர்சில்வர் தகட்டை வைக்கலாமே என்று யாருக்கும் தோன்றும். ஆனால் நேர்முனையில் அது அரிக்கப்பட்டு நஞ்சான குரோமியச் சேர்மங்களை நீரில் கலக்கும் என்பதால் அதை அவர்கள் தொடுவதே இல்லை. குமிழிகளாக வெளியேறும் ஹைட்ரஜன் தேங்காதிருக்கத் தொட்டியைத் திறந்த முற்றத்தில் வைத்திருந்தார்கள்.

பூட்டில் காட்டிய கவனம் என்னை நெகிழவைத்தது. பித்தளை மூடியைக் கழற்றினார்கள். ஹைட்ரஜன் புகுந்தால் கடின எஃகு நொறுங்கக்கூடும் என்பதால் உள்ளிருந்த ஸ்பிரிங்கையும் தனியே எடுத்துக் கையாலேயே துடைத்தார்கள்.

மறுநாள் செந்துரு கருஞ்சேறாக மாறிப் பிரஷ்ஷுக்கே உதிர்ந்தது. அந்தக் கருமையில் இருக்கும் மாக்னடைட் என்ற கருநிற இரும்பு ஆக்சைடுதான் சேலத்தை அடுத்த நம் கஞ்சமலையின் இரும்புத் தாதுவிலும் இருக்கிறது. வார்ப்பில் இருந்த குறிகள் விளிம்பு மழுங்காமல் மேலே வந்தன. அடிப்புற ஈயத்தில் இருந்த எடைச் சரிபார்ப்பு முத்திரைக்கும் சேதமில்லை.

குறை ஒன்று உண்டு. ஈரத்தைத் துணியால் மட்டும் ஒற்றிக் கொடுத்துவிட்டார்கள். இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி வீடு சேர்ந்த மறுநாள் காலை, கற்களின் மேல் மெல்லிய பழுப்பு படர்ந்திருந்தது. துரு நீங்கிய இரும்பு காற்றின் ஈரத்தோடு மிக விரைவாக வினைபுரியும். திரும்பக் கொண்டு சென்றபோது மறுபேச்சின்றி மீண்டும் தொட்டியில் இட்டு, அடுப்புச் சூட்டில் முழுதும் உலர்த்தி, சூடு ஆறுவதற்குள் தேன்மெழுகு பூசித் தந்தார்கள். கூடுதல் பணம் வாங்கவில்லை. ஆகவே மெழுகு பூச்சையும் கொடுக்கும்போதே கேட்டுப் பெறுங்கள். அலுமினியம் இந்தக் காரநீரில் கரையும். முலாம் பூசியவை உரியக்கூடும். அவற்றை இம்முறைக்குக் கொடுக்க வேண்டாம்.