அந்தமான் கடற்கரைக்கு எந்தப் பூச்சி விரட்டி? வாங்க வேண்டியதும் விட்டுவிட வேண்டியதும்

ஹேவ்லாக் தீவின் காலாபத்தர் கடற்கரையில் சாயங்கால நேரத்தில் துண்டு விரித்துப் படுப்பவர்களைக் கடிப்பது பெரும்பாலும் கொசு அல்ல. அங்கே எல்லோரும் ‘சாண்ட் ஃப்ளை’ என்று சொல்லும் மணல் ஈ. நீளம் ஒன்று முதல் மூன்று மில்லிமீட்டர்தான். காதருகே ரீங்காரம் கேட்காது, கடிக்கும்போது பலருக்கு உறைக்கவும் உறைக்காது. மறுநாள் முழங்காலுக்குக் கீழே முழுக்கச் சிவப்புப் புள்ளிகளாக இருப்பதைப் பார்த்த பிறகுதான் தெரியும். சென்னையிலிருந்து ஸ்ரீ விஜயபுரத்துக்கு, அதாவது பழைய போர்ட் பிளேருக்கு, விமானம் ஏறும் குடும்பங்கள் பலவும் வீட்டில் கொசுவுக்கு வாங்கி வைத்திருப்பதை அப்படியே பையில் போட்டுக்கொள்கின்றன. அதில் பாதி கடற்கரையில் உதவாது.

முதலில் ஓடோமாஸ். எந்தத் தெருக் கடையிலும் கிடைக்கிறது, விலையும் குறைவு. இதில் வேலை செய்யும் பொருள் என்,என்-டைஎத்தில் பென்சமைடு, 12 சதவீதம். கொசுவுக்கு நம்பிப் பூசலாம். மணல் ஈக்கும் புதிதாகப் பூசியிருக்கும்வரை கைகொடுக்கும். தீவில் இருக்கும் புழுக்கத்துக்கு வியர்வையோடு வழிந்துவிடுவதுதான் இதன் பலவீனம். ஒரு முறை கடலில் இறங்கி ஏறினால் பூசியது போய்விட்டது என்றே வைத்துக்கொள்ள வேண்டும். பூசியதும் கொஞ்ச நேரம் பிசுபிசுப்பு இருக்கும், அதில் மணலும் ஒட்டும்.

‘போட்டேன், ஆனாலும் கடித்தது’ என்று சொல்பவர்களில் பலர் அளவில் கோட்டை விட்டவர்கள். பட்டாணி அளவு க்ரீமை எடுத்து இரண்டு காலுக்கும் இழுத்துத் தேய்த்தால் பலன் இருக்காது. விரட்டிகளைப் பரிசோதனைக் கூடங்களில் சோதிக்கும்போது சுமார் 600 சதுர சென்டிமீட்டர் தோலுக்கு, அதாவது ஒரு முன்கைக்கு, ஒரு மில்லிலிட்டர் பூசுவது வழக்கம். அந்தக் கணக்கில் பெரியவர் ஒருவருக்கு முழங்காலுக்குக் கீழே பாதம்வரை இரு கால்களுக்கும் 5 முதல் 6 மி.லி., அதாவது தாராளமாக ஒரு டீஸ்பூன் வேண்டும். கைகளையும் சேர்த்தால் ஒரு தடவைக்குப் பத்து மில்லி ஆகிவிடும். 50 கிராம் டியூப் ஒரு ஆளுக்கு ஐந்து தடவைதான் வரும். கணவன் மனைவி இருவரும் நான்கு நாள், நாளைக்கு இரண்டு வேளை பூசினால் 160 கிராம். ஒரே ஒரு சின்ன டியூபோடு கிளம்பக் கூடாது என்று சொல்வது இதனால்தான். கணுக்கால், குதிகாலின் பின்பக்கம், கால்விரல் இடுக்கு ஆகிய இடங்களை யாரும் கவனிப்பதில்லை. ஈ அங்கேதான் உட்காரும்.

இன்னும் நீண்ட நேரம் தாங்க வேண்டுமென்றால் டீட் அல்லது பிக்காரிடின் என்ற பொருள் உள்ள விரட்டி. டீட் 1940களில் அமெரிக்க ராணுவத்துக்காக உருவான மருந்து. 2002இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்த ஒப்பீட்டுச் சோதனையில் 23.8 சதவீத டீட் கொசுவைச் சராசரியாக 300 நிமிடம் அண்ட விடவில்லை. அதே சோதனையில் விரட்டி தோய்த்த கைப்பட்டைகள் அரை நிமிடம்கூடத் தாங்கவில்லை. 20 முதல் 30 சதவீதத்துக்குள் இருக்கும் டீட் போதும், அதற்கு மேல் போவதால் பெரிய லாபம் இல்லை. ஒரு சிக்கல் உண்டு: டீட் பிளாஸ்டிக்கைக் கரைக்கும். கூலிங் கிளாஸ், வாட்ச் பட்டை, போன் கவர் எல்லாம் பளபளப்பு போய்ப் பிசுபிசுக்கும். பூசிய கையோடு ஸ்நார்கெலிங் மாஸ்க்கைத் தொடவே கூடாது. ஸ்பாண்டெக்ஸ், ரேயான் துணிகளும் கெடும், பருத்திக்கு ஒன்றும் ஆகாது.

பிக்காரிடினில் இந்தத் தொல்லை இல்லை. வாடை கிட்டத்தட்ட இல்லை, பிசுக்கும் குறைவு, கடிக்கும் ஈ வகைகளுக்கும் நன்றாக வேலை செய்யும். 20 சதவீத லோஷன் எட்டு மணி நேரம்வரை தாங்கும். எங்கள் பார்வையில் தீவுப் பயணத்துக்கு இதுவே முதல் தேர்வு. குறை, நம் ஊர் மருந்துக்கடைகளில் எளிதில் கிடைக்காது, விலையும் அதிகம். இணையத்தில் தேடலாம், அல்லது வெளிநாட்டிலிருந்து வருபவர்களிடம் சொல்லி வாங்கலாம். சாயர் நிறுவனத்தின் லோஷன் ஓர் உதாரணம். கிடைக்காவிட்டால் ஓடோமாஸையே நிறைய வாங்கி, இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பூசிக்கொள்வது எந்த வாசனை எண்ணெயைவிடவும் மேல்.

சன்ஸ்கிரீனோடு சேர்த்துப் போடும்போது வரிசை முக்கியம். முதலில் சன்ஸ்கிரீன், அது ஊற 15, 20 நிமிடம், அதன் மேல் விரட்டி. டீட் போட்டால் சன்ஸ்கிரீனின் காப்பு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறையும், அதனால் சன்ஸ்கிரீனை அடிக்கடி புதுப்பிக்க வேண்டியிருக்கும். இரண்டும் கலந்து வரும் டியூபை வாங்காதீர்கள். சன்ஸ்கிரீனை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை போட வேண்டும், விரட்டியை அத்தனை முறை போடத் தேவையில்லை. குழந்தைகளுக்கு, உங்கள் உள்ளங்கையில் எடுத்துத் தடவி விடுங்கள். அவர்கள் கைவிரலில் படக் கூடாது, அடுத்த நிமிடம் அது வாய்க்கும் கண்ணுக்கும் போய்விடும். இரண்டு மாதத்துக்குக் குறைந்த கைக்குழந்தைக்கு டீட் வேண்டாம், வலைதான். லெமன் யூகலிப்டஸ் சாறு உள்ள விரட்டியை மூன்று வயதுக்குள் போடக் கூடாது.

தேங்காய் எண்ணெயில் டெட்டால் கலந்து பூசச் சொல்பவர்கள் கடற்கரை ஊர்களில் நிறைய. இதில் பயன் தருவது எண்ணெய். கனமாகப் பூசினால் சின்ன ஈ அதில் சிக்கிக்கொள்ளும், தோலைத் துளைக்க இடம் கிடைக்காது. தேங்காயிலிருந்து பிரித்தெடுத்த கொழுப்பு அமிலங்களுக்குப் பூச்சியை விரட்டும் குணம் உண்டு என்று அமெரிக்க வேளாண் துறை விஞ்ஞானிகள் 2018இல் காட்டினார்கள். ஆனால் எண்ணெயே விரட்டி அல்ல என்பதையும் அவர்கள் சொன்னார்கள். எனவே, வேறு எதுவும் கையில் இல்லாத சாயங்காலத்துக்கு வெறும் தேங்காய் எண்ணெய் சரி. டெட்டால் தேவையில்லை. ஏற்கெனவே கடிபட்டுப் புண்ணான தோலில் பட்டால் எரியும், சிலருக்குத் தடிக்கும். உச்சி வெயிலில் எண்ணெயோடு நிற்கவும் வேண்டாம்.

கைப்பட்டை, சட்டையில் ஒட்டும் ஸ்டிக்கர், துணியில் நாலு புள்ளி வைக்கும் ரோல்-ஆன் இவற்றுக்குக் கடற்கரையில் காசு கொடுக்க வேண்டாம். இவற்றில் பெரும்பாலும் இருக்கும் சிட்ரோனெல்லா என்ற புல் எண்ணெயின் வாசனை காற்றில் சீக்கிரம் பறந்துவிடும். சட்டையில் இருக்கும் வாசனை கணுக்காலைக் காக்காது. போனில் ஒலி எழுப்பும் செயலி, பூண்டு, வைட்டமின் பி மாத்திரை மூன்றுக்கும் பலன் இல்லை. பிளக்கில் செருகும் லிக்விட் மெஷின் ஜன்னல் மூடிய அறைக்கு நல்லது, படுப்பதற்கு அரை மணி முன்பே போட்டுவிடுங்கள். மூங்கில் தட்டியில் இடைவெளி உள்ள குடிலில் அதன் வேகம் குறையும். கொசுவத்தி திறந்த மணலில் புகைதான் தரும்.

பைசா செலவில்லாத காப்பு ஒன்று உண்டு, காற்று. மணல் ஈ பறப்பதில் மிக பலவீனமானது. நடுத்தரக் காற்று அடித்தாலே எழும்பாது. அதனால் உணவகத்தில் ஃபேனுக்கு நேர் கீழே உட்காருங்கள், அறையில் ஃபேனைக் கால்மாட்டுக்குத் திருப்பி வையுங்கள். காற்றே இல்லாத, மேகம் மூடிய நாள், மழை விட்ட நேரம், விடியல், சூரியன் மறையும் நேரம் இவைதான் ஆபத்து. ஹேவ்லாக்கின் ராதாநகர் கடற்கரையில் சூரியன் மறைவதைப் பார்க்கக் கூட்டம் கூடுவதும் இதே நேரத்தில்தான். அங்கே போவதற்கு முன் லோஷனும் முழுநீளக் கால்சட்டையும் போட்டுக்கொள்ளுங்கள். ஈ ஈரமான மணலிலும் சதுப்புச் சேற்றிலும் அழுகும் இலைக் குப்பையிலும் பெருகுகிறது, தரையோடு தரையாகப் பறக்கிறது. கடற்பாசி ஒதுங்கிய ஈர மணலில் துண்டு விரித்துப் படுக்காமல் நாற்காலியிலோ தொங்கும் ஊஞ்சலிலோ உட்கார்ந்தாலே கடி குறையும். தொளதொளப்பான பருத்தி பேண்ட் நல்லது. இறுகப் பிடிக்கும் லெக்கிங்ஸின் மேலாகவே கொசு கடிக்கும். சாதாரணக் கொசுவலையின் கண்ணில் மணல் ஈ நுழைந்துவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

கடித்த பிறகு செய்ய வேண்டியது முதலில் சோப்புத் தண்ணீரில் கழுவுவது. பிறகு துணியில் சுற்றிய ஐஸ் பத்து நிமிடம். மணல் ஈக் கடியின் அரிப்பு உடனே வராது. சில மணி நேரம் கழித்துத் தொடங்கி இரண்டாம் நாள் உச்சத்துக்குப் போகும், ஒரு வாரத்துக்கு மேல்கூட நீடிக்கும். முதல் இரவே மருந்தைத் தொடங்கினால் நல்லது. ஹைட்ரோகார்ட்டிசோன் 1 சதவீத க்ரீமை மெல்லியதாக, காலை ஒன்று மாலை ஒன்று, கடித்த இடத்தில் மட்டும், ஒரு வாரத்துக்கு மேல் வேண்டாம். தோல் கிழிந்த இடத்திலும் முகத்திலும் போடக் கூடாது. அரிப்பு தூக்கத்தைக் கெடுத்தால் பெரியவர்களுக்கு இரவில் செட்ரிசின் 10 மி.கி. ஒன்று. மறுநாள் காலை ஸ்கூபா போவதாக இருந்தால் தூக்கக் கலக்கம் மிச்சமிருக்கலாம், யோசித்துக்கொள்ளுங்கள். மதுவோடு சேர்க்கவே கூடாது. கேலமைன் குளிர்ச்சி தரும், அதற்கு மேல் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். டைஃபென்ஹைட்ரமைன் என்ற அரிப்பு மருந்து கலந்த லோஷனைக் கால் முழுக்கப் பூசினால் அதுவே சிலருக்கு ஒவ்வாமையைக் கிளப்பும்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. ‘பூச்சி கடிச்சிருச்சு, ஏதாவது குடுங்கண்ணே’ என்று மருந்துக்கடையில் நின்றால் பல நேரம் கையில் வருவது க்ளோபெட்டசாலும் பூஞ்சை மருந்தும் ஆன்டிபயாட்டிக்கும் கலந்த டியூப். க்ளோபெட்டசால் மிக வீரியமான ஸ்டீராய்டு. அரிப்பு அன்றைக்கே அடங்கும். ஆனால் தொடர்ந்து போட்டால் தோல் மெலியும், படர்தாமரை இருந்தால் அது உருமாறிப் பரவும். டியூபின் பின்பக்கம் படித்து, ஹைட்ரோகார்ட்டிசோன் மட்டும் உள்ளதைக் கேட்டு வாங்குங்கள். ஹேவ்லாக்கிலும் நீல் தீவிலும் கடைகள் சின்னவை, ஊரிலேயே வாங்கிக்கொண்டு போவது நல்லது.

சொறிந்து கிழித்த கடி, புழுக்கத்திலும் ஈரத்திலும் சீழ் பிடிக்கும். கிளம்புமுன் நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள், குழந்தைகளுக்கு முக்கியமாக. கிழிந்துவிட்டால் போவிடோன் அயோடின் என்ற கிருமிநாசினியைத் தடவி, கடலில் இறங்காமல் உலர வையுங்கள். சிவப்பு பரவினாலோ, சூடாக வலித்தாலோ, தேன் நிறப் பொருக்குக் கட்டினாலோ மருத்துவரிடம் காட்ட வேண்டும். கடித்த சில நிமிடங்களில் உதடு வீங்குவது, மூச்சுத் திணறுவது, உடம்பு முழுக்கத் தடிப்பு எழுவது அவசர சிகிச்சைக்கான அறிகுறிகள்.

ஊர் திரும்பிய பிறகும் கவனம் வேண்டும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிப்பது. காய்ச்சல் கடித்த 4 முதல் 10 நாளில் வரும். அந்தமானில் மலேரியாவைப் பரப்பும் அனாஃபிலிஸ் சுண்டாய்க்கஸ் கொசு உப்பு கலந்த தேங்குநீரில் வளர்வது, அதன் காய்ச்சல் இன்னும் தாமதமாகவும் வரலாம். புதர்க்காட்டில் நடந்தவர்களுக்கு இடுப்பிலோ தொடையிடுக்கிலோ சிகரெட் சுட்டதுபோல் வலியில்லாத கறுப்புப் பொருக்கும் காய்ச்சலும் இருந்தால் அது புதரில் உள்ள சிற்றுண்ணி கடித்து வரும் ஸ்க்ரப் டைஃபஸாக இருக்கலாம். எந்தக் காய்ச்சலானாலும் பாராசிட்டமால் மட்டும் போடுங்கள். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், ஆஸ்பிரின் டெங்குவில் ரத்தக்கசிவை அதிகமாக்கும். மருத்துவரிடம் முதல் வாக்கியமாகவே அந்தமான் போய் வந்ததையும் தேதியையும் சொல்லுங்கள். டெங்குவுக்கான என்எஸ்1 சோதனை காய்ச்சல் தொடங்கிய முதல் ஐந்து நாளில்தான் சரியாகக் காட்டும்.