ரேடியேட்டர்ல குழாய்த் தண்ணியா, கூலன்ட்டா?

நம்ம டர்பன் சாட்ஸ்வர்த் பக்கம் பழைய டாஸ், சிட்டி கோல்ஃப் கார் வெச்சிருக்கவங்க நிறைய பேரு குழாய்த் தண்ணிதான் ஊத்துறாங்க. கேட்டா, டர்பன்ல தண்ணி உறையவா போகுது, ஆன்டிஃப்ரீஸ், அதாவது உறையாம காக்குற கூலன்ட், எதுக்குங்கிறாங்க. உறையாது, சரிதான். ஆனா துரு பிடிக்காம பாத்துக்கறதும் கூலன்ட்டோட பெரிய வேலைங்க.

தண்ணி சூட்டை நல்லா இழுக்கும், கூலன்ட்ல இருக்கற கிளைக்கால் கலந்ததை விடவே கொஞ்சம் நல்லா இழுக்கும், அதை மறுக்கல. வழியில ஹோஸ் வெடிச்சா வீடு வந்து சேர அதுதான் கைகொடுக்கும். மாசக்கணக்குல அதையே விட்டாதான் வினை. என் டாஸை முன்னாடி வெச்சிருந்தவர் அப்படித்தான் ஓட்டிருக்கார், நான் திறந்து பாத்தப்போ செங்கலைக் கரைச்ச மாதிரி தண்ணி, வாட்டர் பம்ப் கசியுது, தண்ணி ஓட்டத்தைத் திறந்து மூடுற தெர்மோஸ்டாட் பாதி மூடினபடியே ஒட்டிக்கிச்சு, மனசே விட்டுப்போச்சு.

கூலன்ட்டுக்குக் காசு ஆகும். டிஸ்டில்ட் வாட்டரோட பாதிக்குப் பாதி கலந்து ஊத்தினா கொதிநிலையும் ஏறும். என்3 நெடுஞ்சாலையில ஜோஹானஸ்பர்க் போறவங்க இதைக் கண்டிப்பா யோசிக்கணும், அந்த ஊர் கடல் மட்டத்துல இருந்து 1,700 மீட்டருக்கு மேல, அங்க திறந்த பாத்திரத்துல தண்ணி 94 டிகிரி வாக்குல கொதிச்சிடும், ரேடியேட்டர் மூடியோட ரப்பர் செத்து பிரஷர் நிக்கலைன்னா வண்டியிலயும் அதே கதைதான். அதனால மூடியையும் மாத்திடுங்க, விலை கம்மிதான்.

என் ஓட்டு கூலன்ட்டுக்குத்தான். எஞ்சின் நல்லா ஆறினப்புறம் மட்டும் திறங்க. வடிச்ச பழசை முற்றத்துல வெச்சிடாதீங்க, இனிப்பா இருக்கும், நாய் நக்கினா செத்துரும்.