ஜாமெட்ரி பாக்ஸ்: ஓராண்டுப் புழக்கத்துக்குப் பிறகு

புதுப் பெட்டியைத் திறக்கும்போது எல்லாக் கருவியும் நன்றாகத்தான் இருக்கும். கோடுகளும் கோணங்களும் பாடம் முழுக்கக் கையில் புழங்கிய பிறகே ஒவ்வொன்றின் குணமும் வெளியே வரும். அதிகம் திட்டு வாங்குவது கோணமானி. ஆனால் பெரும்பாலும் தவறு அதை வைக்கும் விதத்தில்தான்.

பல பிளாஸ்டிக் கோணமானிகளில் அடிவிளிம்பு வேறு, 0 டிகிரிக் கோடு வேறு. கோடு விளிம்புக்குச் சில மில்லிமீட்டர் மேலே ஓடும். அதை மறந்து, முக்கோணத்தின் பக்கத்தோடு விளிம்பைச் சேர்த்து, விளிம்பின் நடுவை உச்சியில் வைத்து அளந்தால் என்ன ஆகும்? டிகிரி எண்கள் உள்ள வளையத்தின் ஆரம் 50 மி.மீ., விளிம்புக்கும் கோட்டுக்கும் இடைவெளி 5 மி.மீ. என்று கொள்வோம். உண்மையான 30° கோணம் 25 என்று காட்டும். 60° கோணம் 57 என்று காட்டும். 90° மட்டும் சரியாக 90. விஷமம் அங்கேதான்: செங்கோணத்தை வைத்துச் சோதித்தால் எல்லாம் சரி என்றே தோன்றும். 50, 60, 70 டிகிரி முக்கோணத்தை இப்படி அளந்தால் 46, 57, 68 வரும்; கூட்டினால் 171. பிள்ளைகள் ஏதாவது ஒரு கோணத்தில் 9 டிகிரியைச் சேர்த்து 180 ஆக்கிவிடுவார்கள். குறையோ மூன்றிலும் இருக்கிறது. இந்த அளவுள்ள கோணமானியில் எந்த முக்கோணத்தை எடுத்தாலும் கூட்டல் ஏறக்குறைய 171-க்கும் 174-க்கும் இடையில்தான் நிற்கும். நோட்டில் பக்கத்துக்குப் பக்கம் அப்படியே வந்தால் கணக்கைத் தேட வேண்டாம், வைக்கும் இடத்தைப் பாருங்கள்.

எண்கள் எதிரெதிராக ஓடும் இரட்டை வளையம் அடுத்த தொல்லை. 70-க்குப் பதில் 110 எழுதுவது அதனால்தான். 'உள்வளையமா, வெளிவளையமா' என்று மனப்பாடம் செய்வதில் பயனில்லை. கோணம் வேறு பக்கம் திறந்தால் விதி தலைகீழாகிவிடும். கோணத்தின் ஒரு கதிர் மீது எந்த 0 படுகிறதோ, அதே வளையத்தில் 10, 20 என்று எண்ணிக்கொண்டே மற்றக் கதிர் வரை போனால் போதும். அதற்கும் முன்னால், குறுங்கோணமா விரிகோணமா என்று கண்ணால் பார்த்துச் சொல்லிவிட்டு அளப்பது நல்ல பழக்கம். 180 டிகிரியைத் தாண்டும் பின்வளை கோணத்துக்கு அரைவட்டக் கருவி போதாது; எதிர்ப்பக்கத்தை அளந்து 360-லிருந்து கழிக்க வேண்டும்.

கதிர் வளையத்தைத் தொடாமல் குட்டையாக நின்றால் தயங்காமல் அளவுகோல் வைத்து நீட்டிக்கொள்ளலாம். நீட்டினால் கோணம் பெரிதாகிவிடும் என்று நினைப்பவர்களுக்கு, நீட்டுவதற்கு முன்பும் பின்பும் அளந்து காட்டுவதைவிட நல்ல பாடம் இல்லை. கோணம் என்பது திறப்பின் அளவு, கதிரின் நீளம் அல்ல. 50 மி.மீ. ஆரத்தில் ஒரு டிகிரிக்கு 0.87 மி.மீ. இடம்தான் உண்டு. மழுங்கிய பென்சிலின் அரை மில்லிமீட்டர்க் கோடு அதில் பாதிக்கு மேல் தின்றுவிடும். அதனால் இந்தக் கருவியை வைத்துக்கொண்டு 62.5° என்று எழுதுவது வெறும் பாவனை.

அச்சடித்த எண்கள் விரல் பட்டுப் பட்டு மங்கும். நகத்தால் தடவினால் தட்டுப்படும்படி செதுக்கியவை நீடிக்கும். அச்சு உள்ள பக்கம் தாளைத் தொட வேண்டும். மேலே இருந்தால் பிளாஸ்டிக்கின் தடிமன் காரணமாக, சாய்வாகப் பார்க்கும்போது அளவு நகரும்.

பெட்டியிலேயே பயன்படாமல் கிடப்பவை முக்கோண வடிவ மூலைமட்டங்கள். அநியாயம்! 45-45-90, 30-60-90 இரண்டையும் சேர்த்தும் கழித்தும் வைத்தால் 15-இன் மடங்குகள் எல்லாம் வரும்: 45+30 என்றால் 75, 60+45 என்றால் 105, 45-லிருந்து 30 போனால் 15. செங்கோணம் உண்மையானதா என்று பார்க்க, அளவுகோல் மேல் நிறுத்தி ஒரு கோடு, அதே புள்ளியில் புரட்டி வைத்து இன்னொரு கோடு போடுங்கள். இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று விழ வேண்டும். 100 மி.மீ. உயரத்தில் 1 மி.மீ. விலகினால் கோடுகளுக்கு இடையே சுமார் 0.57°. பிழை அதில் பாதி. புரட்டும்போது இரட்டித்துத் தெரிகிறது.

இணைகோடு வரைவதில்தான் மூலைமட்டத்தின் முழு மதிப்பும் தெரியும். அளவுகோலை இடது கையால் அழுத்திப் பிடித்து, அதன் மேல் மூலைமட்டத்தை நகர்த்தி, நிறுத்தி நிறுத்திக் கோடு போட வேண்டும். அளவுகோல்தான் கோடுகளைக் குறுக்கே வெட்டும் குறுக்குவெட்டி, நகர்ந்தும் மாறாத அந்த மூலைதான் ஒவ்வொரு கோட்டிலும் அதே இடத்தில் அமையும் ஒத்த கோணம். அளவுகோல் ஒரு இழை திரும்பினாலும் கோடுகள் இணையாக இராது, ஒத்த கோணங்களும் சமமாக இரா. ஒத்த கோணம் என்ற பெயர் எந்த இரு கோடுகளுக்கும் உண்டு. சமம் என்பது இணைகோடுகளுக்கு மட்டும் என்ற வேறுபாடு அப்போது கையிலேயே தெரிந்துவிடும். பயிற்சிக்கு அளவுகோலைச் சாய்த்தும் வையுங்கள். கிடையாகப் படுத்த இணைகோடுகளை மட்டுமே பார்த்துப் பழகியவர்கள், படம் திரும்பியதும், குறுக்குவெட்டியின் இரு பக்கமும் மாறி அமையும் ஒன்றுவிட்ட கோணங்களைத் தொலைத்துவிடுகிறார்கள்.

காம்பஸில் முதலில் கெடுவது திருகு. 40 மி.மீ. ஆரத்தில் வட்டம் போட்டு, திறப்பை மாற்றாமல் அதே அளவால் சுற்றி ஆறு முறை வெட்டினால் தொடங்கிய புள்ளிக்கே வர வேண்டும். ஆரத்துக்குச் சமமான நாண் மையத்தில் 60° தாங்குவதே காரணம். வட்டம் போட்ட பின் கால்கள் அரை மி.மீ. விரிந்துவிட்டால் கடைசி வெட்டு தொடக்கத்தைத் தாண்டி சுமார் 3.5 மி.மீ. தள்ளி விழும். அந்த காம்பஸால் 60° வரைந்தால் ஒரு டிகிரிக்குக் கொஞ்சம் குறைவாகப் பிசகும்; அதை இருசமக் கூறாக்கி 30° எடுத்தால் பிழை பாதியாகும். திருகை இறுக்கியும் சோதனையில் தேறாவிட்டால் காம்பஸை மட்டும் மாற்றுங்கள். அதற்காகப் பெட்டி முழுவதையும் வாங்கத் தேவையில்லை.