மதுரையில் நல்ல சிறுதானியமும் எண்ணெயும் தேடி

விடுமுறைக்கு ஊருக்குப் போகிறேன் என்றாலே லண்டன் நண்பர்கள் கேட்பது, கலப்படமில்லாத சாமான் எங்கே கிடைக்கும் என்றுதான். இந்த மார்கழியில் மதுரையில் அதற்காகவே கொஞ்சம் அலைந்தேன்.

காய்கறிக்கு அண்ணா நகர் உழவர் சந்தை. தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை 1999 நவம்பரில் இங்கேதான் திறக்கப்பட்டது. விளைவித்தவரே விற்கிறார், விலை பலகையில் எழுதியிருக்கிறது, பேரம் பேசும் தொல்லை இல்லை. விடியற்காலையில் போய்விட வேண்டும். வெயில் ஏறிவிட்டால் வாடிய கீரைதான் மிச்சம். ஆனால் ஊர்க்காய் என்றால் மருந்தடிக்காத காய் என்று அர்த்தமில்லை. கத்திரிக்காய் வைத்திருந்த அம்மாவிடம் கேட்டேன். "மருந்தில்லாம கத்திரி எங்க தம்பி வருது? கீரைக்கு அடிக்கல, அத வாங்கிக்கங்க" என்றார். இப்படி நேராகச் சொல்கிறவரிடம் நம்பி வாங்கலாம்.

அப்புறம் ஒரு 'ஆர்கானிக்' கடை. பெயர் வேண்டாம். ஏசி, மரத்தட்டு, சணல் பை எல்லாம் உண்டு. சாமையும் வரகும் மட்டும் வெள்ளை வெளேரென்று இருந்தன. தவிடு போகத் தீட்டியிருக்கிறார்கள். நார்ச்சத்தில் பெரும்பகுதி அதோடு போய்விடும், பிறகு எதற்கு அந்த விலை? தீட்டாதது கேட்டால், "சீக்கிரம் வண்டு விழும் சார்" என்றார் பையன். வாஸ்தவம்தான். தவிட்டில் எண்ணெய் இருப்பதால் சிக்கு வாடையும் வரும். அதனால் தீட்டாத சிறுதானியம் ஒரு மாதத்துக்கு ஆகிற அளவு வாங்கினால் போதும். பாக்கெட்டில் அடைத்து ஆர்கானிக் என்று விற்றால், மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் இயற்கை விளைபொருள் முத்திரையான 'ஜைவிக் பாரத்' இருக்க வேண்டும். அந்தக் கடையில் பல பாக்கெட்டுகளில் அதைக் காணோம்.

எனக்குப் பிடித்தது வீட்டுக்குப் பக்கத்துத் தெரு மரச்செக்குதான். கேனை நாமே கொண்டுபோக வேண்டும். வாகை மர உலக்கை மெல்லச் சுற்ற, கடலை நொறுங்கி, மாவாகி, ஓரத்தில் எண்ணெய் கசிந்து திரளுவதை நின்று பார்க்கலாம். புதிதாக ஆட்டியது கலங்கலாக இருக்கும், ஓரிரு நாள் வைத்தால் தெளியும். விலை அதிகம் என்று நான் முனகியதும் செக்குக்காரர் கணக்குச் சொன்னார்: ஒரு லிட்டர் எண்ணெய்க்கு ஏறக்குறைய இரண்டரைக் கிலோ நிலக்கடலைப் பருப்பு வேண்டும், அந்தப் பருப்பு விலைக்கும் கீழே எவன் விற்றாலும் யோசிங்க. அன்றைய பருப்பு விலையைப் போட்டுப் பார்த்தேன், சரியாகத்தான் இருந்தது.

கருப்பட்டிதான் அகப்படவில்லை. பதநீர்க் காலம் கோடையோடு முடிந்துவிடும். மார்கழியில் கடைகளில் இருப்பது பழைய சரக்கு, அதிலும் சர்க்கரை கலந்தது எது என்று கண்டுபிடிப்பது கஷ்டம். நல்லெண்ணெய் ஆட்டும்போது எள்ளோடு கருப்பட்டி போடுவார்கள் அல்லவா, அதற்காகச் செக்குக்காரர் உடன்குடிப் பக்கமிருந்து சீசனிலேயே எடுத்து வைத்திருந்தார். விற்பனைக்கு இல்லை என்றவர், இன்னார் மகன் என்று தெரிந்ததும் இரண்டு கட்டி எடுத்துக் கொடுத்தார். காசு மட்டும் கறாராக வாங்கிக்கொண்டார்.